இறக்குமதித் தகடும் நம் எரிசக்திக் கொள்கையும்

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளைப் பற்றி நம் பினாங்கில் இப்பொழுது நடக்கும் வாதங்களைக் கேட்கிறபோது, ஒரு சாரார் "சீனத்துச் சரக்கு, நாலு மழைக்குத் தாங்காது" என்று எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுவதையும், மறு சாரார் "உலகமே அதைத்தான் வாங்குகிறது, மலிவாகக் கிடைப்பதை வேண்டாம் என்பானேன்" என்று பேச்சை அங்கேயே முடித்துவிடுவதையும் காண்கிறோம். இவ்விரு கட்சிகளும் விஷயத்தின் மையத்தைத் தொடவில்லை என்பது என் அபிப்பிராயம். நம் கூரைமேல் ஏறுகிற தகடு, பரீட்சையில் தேறி அத்தாட்சி பெற்ற அதே தகடுதானா, இருபத்தைந்து வருஷ காலம் நம் வெயிலையும் மழையையும் கடற்காற்றையும் அது தாங்குமா, தாங்காமற்போனால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். தகடு எந்த தேசத்தில் பிறந்தது என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் பிற்பட்டது.

இந்த விவகாரம் மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு அதிக நெருக்கமானது என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். செபராங் பிறையைத் தாண்டிக் கெடா மாநில எல்லைக்குள் போனவுடன் வருகிற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில், ஃபர்ஸ்ட் சோலார் என்னும் அமெரிக்க நிறுவனம் 2008-ஆம் ஆண்டிலிருந்து தகடுகளை உற்பத்தி செய்துவருகிறது. 2012-இல் அமெரிக்க சர்க்கார் சீனத் தகடுகளின்மீது தண்டவரி விதித்ததைத் தொடர்ந்து, சீன நிறுவனங்கள் தென்கிழக்காசியாவில் இடம் தேடத் தொடங்கியபோது, ஜின்கோ சோலாரும் ஜே.ஏ. சோலாரும் 2015-இல் பினாங்கிலேயே ஆலைகளைத் திறந்தன. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் ஏற்பட்ட நாள்முதலாக, இரண்டு தலைமுறைத் தொழிலாளர்கள், நம் தமிழ்ப் பெண்கள் உட்பட, தொழிற்சாலைப் பேருந்துகளில் விடியுமுன் புறப்பட்டுப் போய்க் கற்றுக்கொண்ட நுண்ணிய கைத்திறனே இந்தப் புதிய தொழிலுக்கும் அஸ்திவாரமாயிற்று. ஆனால் அவ்வாறு இங்கே உற்பத்தியான தகடுகளில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. 2025 ஏப்ரலில் அமெரிக்க வர்த்தக இலாகா மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா ஆகிய நான்கு நாடுகளின்மீதும் வரியை உறுதிசெய்தபோது, அந்த வாசலும் குறுகிவிட்டது. இதற்கிடையில் நம் ஊர் வீடுகளுக்கு வேண்டிய தகடுகளோ பெட்டகம் பெட்டகமாக வெளியிலிருந்து வந்து இறங்குகின்றன. தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் உலக அளவில் எண்பது சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருப்பதாகச் சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் கணக்கிட்டது. ஆகவே இறக்குமதியை வேண்டாமென்று சொல்லும் சௌகரியம் நமக்கு இல்லை. சீனாவில் செய்யப்பட்ட மேலான தகடு உலகத்தின் எந்த மேலான தகட்டுக்கும் தாழ்ந்ததுமன்று. அதேபோல் "மலேசியாவில் தயாரித்தது" என்ற எழுத்தும் தன்னளவில் நற்சான்று ஆகிவிடாது.

நம் நாட்டின் கொள்கை இந்தத் தரப் பிரச்சினையை எவ்விதம் நடத்தியிருக்கிறது என்று பார்ப்போம். 2001-இல் எட்டாவது மலேசியத் திட்டத்தோடு, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நாட்டின் ஐந்தாவது எரிபொருளாக அங்கீகாரம் பெற்றது. பத்தாண்டு கழித்து 2011-இல் அதற்கெனத் தனிச் சட்டமும், சேடா என்று நாம் சுருக்கி அழைக்கிற ஆணையமும் பிறந்தன. அவ்வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த திட்டத்தின்படி, சிறிய வீட்டுக் கூரையிலிருந்து மின்கம்பிக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஆரம்பத்தில் 1 ரிங்கிட் 23 சென் வீதம் இருபத்தொரு வருஷம் கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று. உள்நாட்டில் செய்த தகடுகளைப் பூட்டியவர்களுக்கு அதன்மேல் சில சென் கூடுதலும் உண்டு. இதற்கான நிதி வேறெங்கிருந்தும் வரவில்லை. மாதம் 300 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் நம்மைப் போன்றவர்களின் பில்லில் முதலில் ஒரு சதவீதமும், 2014-லிருந்து 1.6 சதவீதமும் கூட்டித்தான் அது சேர்ந்தது. பிறகு 2016-இல் நிகர அளவீட்டு முறை வந்தது. 2019-இல் அது திருத்தம் பெற்று, கூரை கொடுத்த யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்ளும் வசதி கிடைத்தது. 2021-இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்து, 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. 2026 ஜனவரி முதல் 'அத்தாப்' என்ற வேறொரு திட்டம் நடக்கிறது. நடுவில் 2024 ஏப்ரலில், கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட் வீதம், அதிகபட்சம் 4,000 ரிங்கிட் மானியமும் அறிவித்தார்கள்.

இந்தச் சரித்திரத்தில் ஒரு நுட்பமான மாறுதலைப் பலர் கவனிக்கவில்லை. முதல் திட்டம், தகடு உண்மையில் கொடுத்த மின்சாரத்துக்குப் பணம் கொடுத்தது. ஆகையால் மட்டமான தகட்டை வாங்கியவர் மாதாமாதம் வருமானம் குறைவதைக் கண்ணால் கண்டார், பொதுப்பணமும் அந்த அளவுக்கு வீணாகாமல் தப்பியது. பின்னால் வந்த மானியமோ, கூரையில் எத்தனை கிலோவாட் ஏறிற்று என்பதை மட்டும் பார்த்துக் கொடுக்கப்பட்டது. தகடு ஏறிய மறுநாள் அது எப்படி உழைக்கிறது, ஐந்தாம் வருஷத்தில் எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்பார் இல்லை. 2050-இல் நாட்டின் மின்னுற்பத்தித் திறனில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டுமென்று 2023-இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம் இலக்கு வைத்திருக்கிறது. உயர்ந்த இலக்கு, நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த இலக்கும் நிறுவிய திறனையே அளவுகோலாகக் கொண்டது. நிறுவிய மெகாவாட் என்பது வாக்குறுதி. கிடைத்த யூனிட்டே பலன்.

இத்துடன் இன்னொரு தீமையும் சேர்கிறது. ஒதுக்கீடு தீரப்போகிறது, கெடு முடியப்போகிறது என்று அறிவிப்பு வருகிறபோதெல்லாம், ஜனங்கள் அவசரப்படுகிறார்கள். விற்பனைப் பிரதிநிதிகளோ அந்த அவசரத்தை இன்னும் ஊதிவிடுகிறார்கள். பூட்டுகிறவரும் ஒப்பந்தத்தில் எழுதிய மாதிரி கைவசம் இல்லாவிட்டால் "இதுவும் அதுதான்" என்று கிடங்கில் இருப்பதைக் கூரைமேல் ஏற்றிவிடுகிறார். கெடு நெருங்குகிற காலத்தில் எந்த வியாபாரத்திலும் தரம் முன்னேறியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அத்தாட்சி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஐ.இ.சி. 61215, 61730 என்ற சர்வதேசப் பரீட்சைகள் சாமானியமானவையல்ல. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலிருந்து 85 டிகிரி உஷ்ணம் வரை இருநூறு தடவை தகட்டை மாற்றி மாற்றி வாட்டுகிறார்கள். 85 டிகிரி உஷ்ணத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் அடைத்துவைக்கிறார்கள். 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் கண்ணாடிமேல் எறிகிறார்கள். இவையெல்லாம் போற்றத்தக்க ஏற்பாடுகளே. ஆனால் பரீட்சைக்குப் போனவை, உற்பத்தியாளரே எடுத்துக்கொடுத்த சில மாதிரிகள். அவற்றில் இருந்த கண்ணாடி, ஒளியை மின்சாரமாக்கும் சில்லுகளை ஒட்டும் பசை, பின்புறத்து பிளாஸ்டிக் தாள், இணைப்புப் பெட்டி ஆகியவற்றில் ஒன்றைப் பின்னாளில் மலிவான வேறொன்றாக மாற்றினால் மறுபடி பரீட்சைக்குப் போக வேண்டும் என்பது விதி. போனார்களா என்று துறைமுகத்தில் நின்று கேட்பவர் எவருமில்லை. மேலும் 1,000 மணி நேரம் என்பது நாற்பத்திரண்டு நாளுக்கும் குறைவு. வருஷமெல்லாம் வெக்கையும், எண்பது சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும், நாலு பக்கமும் உப்புக்காற்றும் சூழ்ந்த ஒரு தீவில் இருபத்தைந்து வருஷ வாழ்வுக்கு அந்த நாற்பத்திரண்டு நாள் போதுமான சாட்சியாகுமா? உப்புப்பனியைத் தாங்குமா என்று பார்க்க ஐ.இ.சி. 61701 என்று ஒரு தனிப் பரீட்சையே இருக்கிறது. நம் ஊரில் விற்பவர்களில் எத்தனை பேர் அதைத் தாமாக எடுத்துக் காட்டுகிறார்கள்?

ஜெலுத்தோங்கில், கடலுக்கு அதிக தூரமில்லாத ஒரு வரிசை வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். முதல் திட்டத்தின் காலத்தில் பூட்டிய தகடுகள்; பார்வைக்கு ஒரு குறையுமில்லை, நீலநிறம் மங்கவில்லை, கண்ணாடியில் கீறல் இல்லை. ஆனால் இரவு மழை பெய்த நாளில் காலையில் இன்வெர்ட்டர் விழிப்பதில்லை. மின்காப்புப் பிழை என்று திரையில் எழுத்து வரும், சிவப்பு விளக்கு எரியும், பத்து பதினொரு மணிக்கு வெயில் ஏறித் தகடு காய்ந்த பிறகே வேலைக்கு வரும். இன்வெர்ட்டரை மாற்றியும் பயனில்லை. கடைசியில் மேலே ஏறிய மின்பணியாளர் ஒரு தகட்டைக் கழற்றித் திருப்பி, அதன் முதுகில் விரலை வைத்துத் தேய்த்தார். சுண்ணாம்பு தொட்டாற்போல வெள்ளைப் பொடி விரலில் ஒட்டிற்று. சில்லுகளின் வரிசையை ஒட்டியே, முடி பருமனில், அந்தப் பின்புறத் தாள் நெடுக வெடித்திருந்தது. மழைநீர் அந்த வெடிப்புகளின் வழியே கசிந்து, உள்ளேயிருக்கும் மின்சாரத்துக்குத் தகட்டின் சட்டகத்தோடு உறவு ஏற்படுத்திக்கொண்டிருந்தது. இது அந்த ஒரு வீட்டின் துரதிர்ஷ்டமன்று. 2010 முதல் 2012 வரையிலான காலத்தில் பல உற்பத்தியாளர்கள் பயன்படுத்திய பாலியமைடு வகைப் பின்தாள், சில வருஷங்களிலேயே இப்படி வெடித்துப்போனது உலகறிந்த செய்தி. அந்தத் தாளும் பரீட்சையில் தேறியதுதான். தகட்டைத் திருப்பிப் பார்க்காமல் எவருக்கும் அது தெரியாது. கூரைமேல் ஏறித் தகட்டைத் திருப்பிப் பார்க்கும் குடும்பஸ்தர் யார்?

தரக்குறைவின் நஷ்டத்தை ஒரு கணக்காகவும் பார்க்கலாம். ஐந்து கிலோவாட் கூரை நம் ஊரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 6,000 யூனிட் கொடுக்கும். நல்ல தகடு வருஷத்துக்கு அரை சதவீதம் தேய்கிறது. மட்டமானது இரண்டு சதவீதம் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷத்தில் இந்த வித்தியாசம் எவர் கண்ணிலும் படாது. இருபத்தைந்து வருஷத்தைக் கூட்டிப் பார்த்தாலோ, மட்டமான தகடு நாலரை வருஷத்து மின்சாரத்தை, அதாவது 27,000 யூனிட்டைக் கொடுக்காமலே போய்விடுகிறது. வாங்கும்போது மிச்சம் பிடித்த ஆயிரமோ இரண்டாயிரமோ ரிங்கிட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாட்டின் லட்சக்கணக்கான கூரைகளுக்கு இதைப் பெருக்கினால், நிறுவிவிட்டதாகக் கணக்கெழுதிய மெகாவாட்டில் ஒரு பங்கு காகிதத்தில் மட்டுமே நிற்கும். அந்தக் குறையை மறுபடியும் நிலக்கரியும் எரிவாயுவுமே நிரப்ப வேண்டிவரும்.

இதற்குப் பரிகாரம் இறக்குமதியைத் தடுப்பதுதான் என்று சொல்பவர்கள் இந்தியாவின் அனுபவத்தைப் பொறுமையோடு படிக்க வேண்டும். 2010-இல் தொடங்கிய தேசிய சூரிய மின்சார இயக்கத்தில், ஒரு பகுதி திட்டங்களுக்கு உள்நாட்டுத் தகடுகளையே பயன்படுத்த வேண்டுமென்று அங்கே விதித்தார்கள். அந்த விதி ஆரம்பத்தில் படிகச் சிலிக்கன் தகடுகளுக்கு மட்டும் என்றிருந்ததால், பலர் மெல்லிய படலத் தகடுகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 2016-இல் உலக வர்த்தக நிறுவனத்தில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் அந்த விதியே செல்லாதென்று தீர்ப்பாயிற்று. 2019-இல் இந்திய சர்க்கார், அங்கீகரிக்கப்பட்ட மாதிரிகள், உற்பத்தியாளர்கள் பட்டியல் ஒன்றைப் போடுவதாக ஆணையிட்டது. ஆலைக்கே நேரில் போய்ப் பார்த்துப் பெயர் சேர்ப்பது என்ற அந்த நோக்கம் சிறந்தது. ஆனால் நடைமுறையில் பட்டியல் சீன நிறுவனங்களுக்கு எதிரே பூட்டிய கதவாயிற்று, 2022 ஏப்ரலில் தகட்டுக்கு 40 சதவீத சுங்கமும் சேர்ந்துகொண்டது, விலை ஏறிற்று, திட்டங்கள் தாமதித்தன, 2023-24 நிதியாண்டில் பட்டியலையே நிறுத்திவைக்க நேர்ந்தது. இந்திய உற்பத்தி அதன்பிறகு வேகமாக வளர்ந்ததை நான் மறுக்கவில்லை. ஒரு பெரிய தேசத்துக்கு அந்தக் கொள்கையால் நன்மையும் உண்டு. ஆனால் தொழில் பாதுகாப்பு வேறு, தரப் பரிசோதனை வேறு. ஒன்றின் பெயரால் மற்றொன்றைச் செய்தால் இரண்டிலும் குழப்பமே மிஞ்சும். மூன்று கோடியே சொச்சம் மக்கள் உள்ள நமக்கு அந்த மதில் கட்டுப்படியாகாது. வாசலில் ஒரு தராசு வைத்தால் போதும்.

உத்தரவாதம் என்ற சொல்லையும் சற்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வருஷ உத்தரவாதம் தருவதாகச் சொல்லும் நிறுவனம் இருபத்தைந்து வருஷம் உயிரோடிருக்க வேண்டும். ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய தகடு உற்பத்தியாளராக விளங்கிய சன்டெக்கின் வூசி நகரத்து நிறுவனம் 2013-இல் திவாலாயிற்று. நம் கூச்சிங்கில் ஆலை வைத்திருந்த அமெரிக்க சன்எடிசன் 2016-இல் திவால் பாதுகாப்புக் கோரிற்று. ஜெர்மனியின் சோலார்வேர்ல்டு 2017-இல் கடனடைக்க வழியில்லை என்று கைவிரித்தது. ஆகவே தூரதேசத்து நிறுவனத்தின் பெயரை நம்பிப் படுத்திருப்பது விவேகமாகாது. ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அது பலருக்குத் தெரியாது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், இந்நாட்டில் வழக்கமான தொழிலிடம் இல்லாத அந்நிய உற்பத்தியாளரின் பொருளை இறக்குமதி செய்கிறவரையோ விநியோகிக்கிறவரையோ, உற்பத்தியாளர் ஸ்தானத்திலேயே வைத்துப் பொறுப்பாக்குகிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 2019 முதல் 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். ஒரு வீட்டுக் கூரையின் செலவு பெரும்பாலும் இதற்குள் அடங்கும். இத்தகைய உரிமைகளைச் சாமானிய ஜனங்களுக்கு எடுத்துச்சொல்வதையே வாழ்வின் தொழிலாகக் கொண்டு, பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அரை நூற்றாண்டுக் காலம் நடத்திச்சென்ற எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் 2019-இல் மறைந்தார். அவர் வாழ்ந்த ஊரில், இறக்குமதியாளரின் பெயரில்லாத ரசீதை வாங்கிக்கொண்டு இருபதாயிரம் ரிங்கிட் கொடுத்துவிட்டு வருவது நமக்கு அழகல்ல.

அரசாங்கம் செய்ய வேண்டியவை அதிகமில்லை, அரிதுமல்ல. பட்டர்வொர்த்திலும் கிள்ளானிலும் வந்திறங்கும் தகடுகளில், விற்பவர் தேர்ந்தெடுக்காமல் அதிகாரியே கைபோட்டு எடுத்த சிலவற்றை, ஒவ்வொரு சரக்கிலும் பரிசோதிக்க வேண்டும். இருட்டறையில் தகட்டுக்குள் மின்சாரம் செலுத்திப் படம் எடுத்தால், நல்ல சில்லு ஒரே சீராக ஒளிர்வதும், வெடிப்புள்ள சில்லு கரிய கோடுகளாகவும் திட்டுகளாகவும் தெரிவதும் சில நிமிஷங்களில் புலப்பட்டுவிடும். பின்தாள் எந்த வகை என்பதையும் கருவி வைத்து அறியலாம். இதற்கான அறிவு கெலுகோரில் இருக்கும் அறிவியல் பல்கலைக்கழகத்திலும், தரநிர்ணய நிறுவனமான சிரிமிலும், பாயான் லெப்பாஸ் ஆலைகளில் வேலைபார்த்து இன்று வேலை குறைந்து நிற்கும் நம் பிள்ளைகளிடமும் தாராளமாக இருக்கிறது. முடிவுகளைப் பெயர் சொல்லி வெளியிட வேண்டும். ரகசியமாக வைத்திருக்கும் பரிசோதனையால் வாங்குகிறவனுக்குப் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு தகட்டின் வரிசை எண்ணும் எந்தக் கூரையில் ஏறிற்று என்பது சேடாவின் பதிவில் இருக்க வேண்டும். அப்போது ஒரு சரக்கில் குறை கண்டால், கார் நிறுவனங்கள் செய்வதுபோலத் திரும்ப அழைக்க முடியும். இனி கொடுக்கும் மானியத்தில் ஒரு பகுதியையாவது, மூன்றாம் வருஷமும் ஐந்தாம் வருஷமும் மீட்டரில் பதிவான யூனிட்டைப் பார்த்துக் கொடுப்பதாக வைத்தால், பூட்டுகிறவரின் கவனம் தானாகவே நல்ல தகட்டின் பக்கம் திரும்பும்.

பரிசோதனைச் செலவால் விலை கூடும், காலம் தாழும், பருவநிலை மாற்றமோ காத்திருக்காது என்று ஆட்சேபிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆயிரக்கணக்கான தகடுகள் கொண்ட சரக்கில் சிலவற்றைப் பார்க்கிற செலவு, ஒரு தகட்டின்மேல் விழும்போது அற்பமாகிவிடும். மாறாக, பத்து வருஷத்தில் இறக்கிவைக்க வேண்டிய தகட்டுக்கு ஆகும் செலவு இரட்டிப்பு. அந்தக் கண்ணாடியும் அலுமினியமும் ஈயமும் குப்பைமேட்டுக்குப் போகும் துன்பமும் அதோடு சேர்கிறது. இதைவிட மோசமானது ஒன்று உண்டு: ஒரு தெருவில் ஒரு வீட்டார் ஏமாந்தால், அந்தத் தெருவே சூரிய மின்சாரத்தை நம்பாமல் போகும். ஜெலுத்தோங்கில் நான் சொன்ன அந்த வரிசையில், அதன்பிறகு வேறு எந்த வீட்டுக் கூரையிலும் தகடு ஏறவில்லை.

லெபோ பசார் நகைக்கடைகளில் 916 முத்திரை இல்லாத சங்கிலியை நம் தாய்மார்கள் கையால்கூடத் தொடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பைக் கூரை விஷயத்திலும் காட்டும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், தகட்டின் மாதிரிப் பெயரோடு வரிசை எண்களையும், ஆலையில் ஒவ்வொரு தகட்டுக்கும் எடுத்த திறன் அளவீட்டுப் பட்டியலையும், பின்தாளும் பசையும் எந்த வகை என்ற விவரத்தையும், உப்புப்பனிப் பரீட்சையின் அத்தாட்சியையும் கேளுங்கள். ரசீதில் இறக்குமதியாளரின் பெயரும் மலேசிய விலாசமும் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றை எழுத்தில் தர மறுக்கிறவரிடம், கெடு நாளையே முடிவதாக அவர் சொன்னாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.